எல்லை தாண்டிய குழந்தைகளும் எழுதப்படாத சட்டமும்

(சட்டக் கல்லூரி மாணவர்களும் பொதுமக்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கணவன் மனைவிக்குள் மனம் முறிகிறது. இருவரும் வெளிநாட்டில் இருக்கிறார்கள். ஒருவர் மற்றவரிடம் சொல்லாமலோ, விடுமுறைக்குப் போய் வருகிறேன் என்று சொல்லியோ, குழந்தையோடு இந்தியாவுக்கு விமானம் ஏறிவிடுகிறார். திரும்பி வருவதில்லை. ஒரு காலத்தில் இதை வசதியான வீட்டுச் சண்டை என்று ஒதுக்கினோம். இன்று டல்லாஸிலோ லண்டனிலோ சிங்கப்பூரிலோ பிள்ளை இல்லாத தெருவே நம் ஊர்களில் குறைவு. யார் வீட்டு வாசலுக்கும் வரக்கூடிய வழக்கு இது.

இதில் வில்லன் யார் என்று தேடுவதற்காக நான் இங்கே வரவில்லை. அடிக்குப் பயந்து ஓடிவந்த தாய் இருக்கிறார். மனைவியைப் பழிவாங்கக் குழந்தையைத் தூக்கிவந்த தந்தை இருக்கிறார். கணவரின் அனுமதிக்குக் காத்திருந்தால் காரியம் நடக்காது என்று கிளம்பிவந்தவரும் இருக்கிறார். விமான நிலையத்து கேமராவில் மூவரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். அவர்களைப் பிரித்தறிந்து, அந்தக் குழந்தைக்கு எது நல்லது என்று விரைவாகச் சொல்லத்தான் சட்டம் வேண்டும். அதற்கு இந்தியா தயாராக இருக்கிறதா என்பதே இன்றைய கேள்வி.

ஒரு நாட்டின் தயார்நிலையை ஐந்து கேள்விகளால் அளந்துவிடலாம். குழந்தையைப் பிரிந்தவர் யாரிடம் போய் முறையிடுவது? எந்த நீதிமன்றம் விசாரிக்கும்? அது எதை முடிவு செய்யும், குழந்தை திரும்பிப் போக வேண்டுமா என்பதையா, யாரிடம் வளர வேண்டும் என்பதையா? எத்தனை நாளில் முடிவு வரும்? வந்த உத்தரவு, யாருக்கும் ஆபத்தில்லாமல் நிறைவேறுமா? இந்த ஐந்தையும் மனத்தில் வைத்துக்கொண்டு என்னோடு வாருங்கள்.

இன்னொரு வார்த்தை. வழக்குகளைச் சொல்லும்போது ஆண்டைச் சொல்வேன், நீதிபதிகளைச் சொல்வேன். வழக்காடியவர்களின் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தக் குழந்தைகளில் பலர் இன்று வளர்ந்து ஆளாகியிருப்பார்கள். பெற்றோரின் சண்டையை அவர்களுக்கு முகவரியாக்க வேண்டாம்.

உலகம் கண்ட வழி

1980 அக்டோபர் 25 அன்று நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவானது. பெற்றோரால் வேறு நாட்டுக்குக் கடத்திச் செல்லப்படும் குழந்தைகள் தொடர்பான சிவில் விவகாரங்களுக்கானது அது. 1983 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன.

அதன் அடிப்படை எளிமையானது. பதினாறு வயதுக்கு உட்பட்ட குழந்தை ஒன்று எந்த நாட்டில் வழக்கமாக வசித்து வந்ததோ, அந்த நாட்டு நீதிமன்றமே அதன் எதிர்காலத்தை முடிவு செய்ய வேண்டும். பள்ளிக்கூடம், மருத்துவர், அக்கம்பக்கத்தார் என்று சாட்சியமெல்லாம் அங்கேதான் இருக்கும். ஆகவே, தவறான முறையில் வெளியே கொண்டுபோகப்பட்ட குழந்தையை முதலில் அங்கே திருப்பி அனுப்பு. யாரிடம் வளர்வது என்பதை அந்த ஊர் நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்பதே ஏற்பாடு. குழந்தை வந்து சேர்ந்த நாட்டு நீதிபதி, யார் நல்ல தாய், யார் நல்ல தந்தை என்ற விசாரணைக்குள் நுழையக் கூடாது. உடன்படிக்கையின் 16-ஆவது விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது.

ஒவ்வொரு நாடும் ஒரு மைய அமைப்பை நியமிக்க வேண்டும். பிரிந்த பெற்றோர் தம் நாட்டு அமைப்பிடம் விண்ணப்பித்தால், அது மற்ற நாட்டு அமைப்போடு பேசும். குழந்தையைத் தேடுவது, சமரசத்துக்கு முயல்வது, வழக்குத் தொடர உதவுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆறு வாரத்துக்குள் முடிவு சொல்ல முடியாவிட்டால் காலதாமதத்துக்குக் காரணம் கேட்கலாம். ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் திருப்பி அனுப்புவது விதி. ஓராண்டு கடந்து, குழந்தை புதிய இடத்தில் வேரூன்றிவிட்டது என்று நிரூபித்தால் நீதிமன்றம் மறுக்கலாம்.

விதிவிலக்குகளும் உண்டு. மற்றவர் முன்பே சம்மதித்திருந்தால் மறுக்கலாம். விவரம் தெரிந்த வயதுக் குழந்தை தானே போகமாட்டேன் என்றால் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, திருப்பி அனுப்பினால் குழந்தையின் உடலுக்கோ மனத்துக்கோ கடுமையான ஆபத்து நேரும் என்றால் மறுக்கலாம். உலகெங்கும் நடக்கும் சண்டையெல்லாம் இந்தக் கடைசி விதிவிலக்கைச் சுற்றியே நடக்கிறது. அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

நம்மிடம் இருப்பது என்ன?

இந்தியா இந்த உடன்படிக்கையில் சேரவில்லை. சரி, சேராத நாடு தனக்கென்று ஒரு சட்டமாவது வைத்திருக்கலாமே? அதுவும் இல்லை.

நம் கையில் இருப்பது 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் காப்பாளர் சட்டம். ரைட் சகோதரர்கள் பறப்பதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பு எழுதியது. அதன் 9-ஆவது பிரிவின்படி, மைனர் சாதாரணமாக வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்துக்கே அதிகாரம். மூன்று மாதம் முன்பு பாஸ்டனிலிருந்து வந்த குழந்தை கும்பகோணத்தில் சாதாரணமாக வசிக்கிறதா? இதற்கு விடை தேடவே ஆண்டுகள் போகும். அடுத்து, 1956-ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் பாதுகாவலர் சட்டம். ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது அது. குழந்தையின் நலனே முதன்மை என்றும் சொல்கிறது. நல்ல சட்டங்கள்தான். ஆனால் இரண்டு நாடுகளுக்கு நடுவே நிற்கும் குழந்தையை மனத்தில் வைத்து எழுதியவை அல்ல.

காவல் நிலையத்துக்குப் போனால்? சட்டப்பூர்வப் பாதுகாவலரிடமிருந்து குழந்தையைக் கொண்டுபோவதுதான் குற்றம். பெற்ற தந்தையே இயற்கைப் பாதுகாவலர் ஆயிற்றே? குடும்ப விவகாரம், கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். வெளிநாட்டு நீதிமன்றத்தின் உத்தரவைக் கொண்டுவந்தால் அது அப்படியே இங்கே நிறைவேறாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் சில நாட்டுத் தீர்ப்புகளை நேரடியாக நிறைவேற்ற வழி வைத்திருப்பது பணம் சம்பந்தப்பட்டவற்றுக்குத்தான்.

ஆகவே எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் கதவு, உயர் நீதிமன்றத்தின் ஆட்கொணர்வு மனு. சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்பட்டவரை மீட்க ஏற்பட்ட பரிகாரம் அது. பாட்டி வீட்டில் சோறு உண்டு பள்ளிக்குப் போகும் குழந்தையை, அடைத்து வைக்கப்பட்ட ஆளாக எழுதி மனுப்போட வேண்டியிருக்கிறது. நீதிபதிகள் பிரமாணப் பத்திரங்களை வைத்துக்கொண்டு ஒரு குழந்தையின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறார்கள்.

உச்ச நீதிமன்றம் நடந்த பாதை

நாற்பது ஆண்டுகளாக நம் உச்ச நீதிமன்றம் சட்டம் இல்லாத இடத்தைத் தீர்ப்புகளால் நிரப்பப் பார்த்திருக்கிறது. அந்தப் பாதையைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

1984. இங்கிலாந்தில் வாழ்ந்த ஒரு தம்பதி. மனைவியைக் கொல்ல ஆள் ஏற்பாடு செய்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர் கணவர். அந்த மனைவியே பரிந்து பேசியதால் வெளியே வந்தார். வந்தவர், மகனைத் தூக்கிக்கொண்டு இந்தியா வந்துவிட்டார். தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான அமர்வு, குழந்தைக்கும் குடும்பத்துக்கும் நெருங்கிய தொடர்புள்ள நாடு எதுவோ அந்த நாட்டு நீதிமன்றமே விசாரிக்கட்டும் என்று சொல்லி மகனைத் தாயிடம் ஒப்படைத்தது. 1986-இல், மிச்சிகன் மாநிலத்தில் வார இறுதியில் பார்த்துக்கொள்ளக் கிடைத்த அனுமதியைப் பயன்படுத்தி மகனை இந்தியாவுக்குக் கொண்டுவந்த தந்தையின் வழக்கிலும் இதே முடிவு.

1997-இல் பாதை திரும்பியது. அமெரிக்காவிலிருந்து 35 நாள் கைக்குழந்தையோடு ஒரு தாய் இந்தியா வந்தது 1983-இல். உச்ச நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு வந்தது 1997 நவம்பரில். பதினான்கு ஆண்டுகள்! வெளிநாட்டு உத்தரவு என்பது கவனிக்க வேண்டியவற்றுள் ஒன்று, அதற்கு மேல் இல்லை. குழந்தையின் நலனே முக்கியம் என்று நீதிபதி ஜகந்நாத ராவ் எழுதினார். அந்தப் பையனுக்கு அமெரிக்கா என்பது அதற்குள் வரைபடத்தில் பார்த்த ஊராகியிருக்கும். வேறு என்ன தீர்ப்புச் சொல்ல முடியும்?

2009-இல் மறுபடி திருப்பம். இது நம் சென்னையோடு தொடர்புள்ள வழக்கு. 2007 ஜூனில் தாய் மகனோடு இந்தியா வந்தார். நியூயார்க் நீதிமன்ற உத்தரவோடு தந்தை உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார். குழந்தை எங்கே என்று தெரியவில்லை. மத்தியப் புலனாய்வுத் துறை தேடி, 2009 அக்டோபரில் சென்னையில் கண்டுபிடித்தது. மூன்று நீதிபதிகள் அமர்வுக்காக நீதிபதி லோதா எழுதிய தீர்ப்பு, குழந்தையை அமெரிக்காவுக்கு அனுப்பச் சொன்னது. கூடவே சில நிபந்தனைகளும் வைத்தது. தாயின் பயணச் செலவைத் தந்தை ஏற்க வேண்டும். தாய்க்கு எதிரான கைது உத்தரவை நிறைவேற்ற வற்புறுத்தக் கூடாது. திருப்பி அனுப்புவதென்றால் எப்படி அனுப்ப வேண்டும் என்பதற்கு இந்த நிபந்தனைகள் நல்ல மாதிரி.

2015. கோயம்புத்தூர் வழக்கு. இங்கிலாந்திலிருந்து இரண்டு பெண் குழந்தைகளோடு வந்த தாய், கோவை குடும்பநல நீதிமன்றத்தில் விவாகரத்துக் கேட்டார். லண்டன் நீதிமன்றம் குழந்தைகளைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொள்வதாக உத்தரவிட்டது. தந்தையின் ஆட்கொணர்வு மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளியது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் மதன் லோகூரும் யு.யு. லலித்தும் எந்த நீதிமன்றம் முதலில் உத்தரவு போட்டதோ அதற்கே முன்னுரிமை என்று தீர்ப்பளித்தார்கள். குழந்தைகள் லண்டன் போக வேண்டும் என்றார்கள்.

இரண்டே ஆண்டு. 2017 ஜூலையில் நீதிபதிகள் தீபக் மிஸ்ரா, கான்வில்கர், சாந்தனகவுடர் அடங்கிய மூவர் அமர்வு, முதலில் உத்தரவு போட்டவருக்கு முன்னுரிமை என்ற கொள்கையை ஏற்க மறுத்தது. உடன்படிக்கையில் இல்லாத நாட்டில் குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்று சொல்லி, இதயக் கோளாறு உள்ள ஒரு சிறுமியைத் தாயிடமே விட்டது. அதன் பிறகும் தீர்ப்புகள் ஒரு திசையில் போகவில்லை. 2022 ஜூலையில், தந்தை தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த இரண்டு குழந்தைகளை ஒஹையோவில் இருந்த தாயிடம் அனுப்பச் சொன்னது உச்ச நீதிமன்றம். அதே மாதம், தாய் பெங்களூருக்குக் கொண்டுவந்த அமெரிக்கக் குடியுரிமை உள்ள சிறுவனையும் திருப்பி அனுப்பச் சொன்னது.

இந்தத் தீர்ப்புகளைத் தனித்தனியே படித்தால் ஒவ்வொன்றிலும் நியாயம் இருக்கிறது. குறையைத் தீர்ப்புகளில் தேடக் கூடாது. நாளை காலை ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்து, என் வழக்கு என்ன ஆகும் என்று கேட்டால், எனக்குப் பதில் தெரியாது. எந்த அமர்வு, எந்த ஆண்டு, குழந்தை வந்து எத்தனை மாதம் ஆயிற்று என்பதைப் பொறுத்தது என்றுதான் சொல்ல முடியும். முன்கூட்டிச் சொல்ல முடியாத சட்டம், மக்களுக்கு வழிகாட்டாது.

இன்னொன்று. குழந்தையின் நலன் என்ற அளவுகோலைக் காலம் கழித்துப் பயன்படுத்தினால், இழுத்தடித்தவர் பக்கமே தராசு சாயும். மூன்று ஆண்டு ஆனபின் பேச்சும் பள்ளியும் நட்பும் இங்கே வேர்விட்டிருக்கும். அப்போது அனுப்புவது கொடுமை, அனுப்பாமல் இருப்பது அநீதி. வாய்தா வாங்குவதே வெற்றிக்கு வழி என்று கட்சிக்காரருக்குக் கற்றுக்கொடுக்கும் நிலையில் நம் வழக்கறிஞர்களை நிறுத்தியிருக்கிறது இந்த வெற்றிடம்.

ஏன் சேரவில்லை?

2009 மார்ச்சில் சட்ட ஆணையம் தன் 218-ஆவது அறிக்கையில், இந்தியா ஹேக் உடன்படிக்கையில் சேர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அப்போது ஆணையத்தின் தலைவர் நம் தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன். 2016-இல் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் இந்தப் பிரச்சினையைக் கிளப்பியது. மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஒரு வரைவு மசோதாவை மக்கள் கருத்துக்கு வைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் நீதிபதி பி.எஸ். சவுகான் தலைமையிலான சட்ட ஆணையம் 263-ஆவது அறிக்கையில் அதைத் திருத்தி எழுதித் தந்தது. எதிர்ப்பு எழுந்ததும் அரசு பின்வாங்கியது. 2017-இல் நீதிபதி ராஜேஷ் பிந்தல் தலைமையில் ஒரு குழு அமைந்தது. 2018 ஏப்ரலில் அது அறிக்கை தந்தது. இத்தகைய தகராறுகளைத் தீர்க்கத் தனி ஆணையம் ஒன்று அமைக்கலாம் என்றது. அதோடு கோப்பு மூடிக்கிடக்கிறது.

எதிர்ப்பு எதற்காக? அதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. உடன்படிக்கையை எழுதியவர்கள் மனத்தில் இருந்த காட்சி, வழக்கில் தோற்ற தந்தை குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது. நடப்பதோ வேறு. உடன்படிக்கையைக் கவனிக்கும் ஹேக் அமைப்பின் சார்பில் 2021-ஆம் ஆண்டு விண்ணப்பங்களை ஆராய்ந்தபோது, குழந்தையைக் கொண்டுபோனவர்களில் 75 சதவீதம் தாய்மார்கள். அவர்களில் பெரும்பாலோர் குழந்தையைத் தினமும் குளிப்பாட்டி, ஊட்டி, பள்ளிக்கு அனுப்பியவர்கள்.

நம் பெண்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். கணவரின் எச்1பி வேலை விசாவை ஒட்டி, மனைவிக்குரிய எச்4 விசாவில் அமெரிக்கா போகிறாள். பல ஆண்டுகள் வேலைக்குப் போகும் அனுமதி இல்லை. வங்கிக் கணக்கு அவர் பெயரில். கார் ஓட்டத் தெரிந்தாலும் கார் அவருடையது. அடி விழுகிறது. அந்நிய ஊர்ப் போலீசைக் கூப்பிடப் பயம். தெரிந்த ஒரே இடம் அம்மா வீடு. குழந்தையோடு வந்துவிடுகிறாள். விவாகரத்தானால் அந்த விசாவும் போய்விடும். இப்போது குழந்தையைத் திருப்பி அனுப்பு என்றால், அவள் எந்த விசாவில் கூடப் போவாள்? எங்கே தங்குவாள்? வக்கீலுக்கு யார் பணம் கொடுப்பார்கள்? தாயை இங்கே நிறுத்திக் குழந்தையை மட்டும் அனுப்பும் உத்தரவுக்கு, அதன் வாசகம் என்னவாக இருந்தாலும், தாயைப் பறிக்கும் உத்தரவு என்றே பொருள்.

உடன்படிக்கையின் விதிவிலக்கோ குழந்தைக்கு நேரும் ஆபத்தைப் பற்றிப் பேசுகிறது. தாய்க்கு நேர்ந்த வன்முறையைப் பெயர் சொல்லிப் பேசவில்லை. பல நாட்டு நீதிமன்றங்கள் அதை மிகக் குறுக்கியே படித்து வந்திருக்கின்றன. இதை ஹேக் நாடுகளே இன்று உணர்கின்றன. 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியா தன் விதிகளைத் திருத்தி, குடும்ப வன்முறையை நீதிமன்றம் கணக்கில் எடுக்கலாம் என்று வெளிப்படையாகச் சேர்த்தது. ஆபத்து நிரூபணமான பிறகும், ஏதாவது நிபந்தனை விதித்து எப்படியாவது அனுப்பப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் நீதிமன்றத்துக்கு இல்லை என்று 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. வேகம் என்ற வாக்குறுதியும் காகிதத்தில் இருக்கும் அளவுக்கு நடப்பில் இல்லை. ஆறு வாரம் என்கிறது உடன்படிக்கை. 2021-இன் சராசரி 207 நாள்.

ஆகவே எதிர்ப்பவர்கள் கிளப்பும் அச்சம் உண்மை. அந்த அச்சத்தைச் சொல்லிச் சட்டமே இல்லாமல் உட்கார்ந்திருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஓடிவந்த அந்தத் தாய்க்கு இன்று என்ன பாதுகாப்பு இருக்கிறது? அங்கே அவள் பெயரில் கைது உத்தரவு. இங்கே என்றைக்கு ஆட்கொணர்வு மனு வரும் என்ற பயம். வன்முறையை நிரூபித்தால் குழந்தை உன்னோடு இருக்கலாம் என்று அவளுக்கு உறுதி சொல்லும் ஒரு பிரிவு நம் சட்டப் புத்தகத்தில் எங்கே இருக்கிறது? சட்டம் இல்லாத நாட்டில் தாய்க்கும் பாதுகாப்பில்லை, தந்தைக்கும் நியாயமில்லை.

பக்கத்து வீடுகள்

நமக்குத் தெற்கே இலங்கை. தெற்காசியாவில் முதலில் சேர்ந்த நாடு அது. 2001-ஆம் ஆண்டு 10-ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றிக்கொண்டு, அந்த ஆண்டு டிசம்பரில் உடன்படிக்கைக்குள் வந்தது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில்! மேற்கே பாகிஸ்தான் 2016 டிசம்பரில் சேர்ந்தது. 2017 மார்ச்சில் அங்கே நடைமுறைக்கு வந்தது. அதற்கும் முன்பே, 2003-இல், பிரிட்டன் நீதிபதிகளும் பாகிஸ்தான் நீதிபதிகளும் உட்கார்ந்து பேசி ஓர் இணக்கம் கண்டிருந்தார்கள். உடன்படிக்கை இல்லாமலும் வழி தேடலாம் என்பதற்கு அது சான்று.

பாகிஸ்தான் அனுபவத்தில் இன்னொரு பாடம் உண்டு. பிறகு சேரும் நாட்டை, ஏற்கெனவே உள்ள நாடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே ஏற்க வேண்டும். அமெரிக்காவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே உடன்படிக்கை உயிர் பெற்றது 2020-இல்தான். இந்தியா நாளைக்கே சேர்ந்தாலும் இதே கதைதான். உள்நாட்டில் சட்டமும் மைய அமைப்பும் பயிற்சி பெற்ற நீதிபதிகளும் இருக்கிறார்களா என்று பார்த்துத்தான் மற்ற நாடுகள் கை நீட்டும்.

ஜப்பான் பல ஆண்டுகள் உலகத்தின் வசவைக் கேட்டு, 2014 ஏப்ரலில் சேர்ந்தது. டோக்கியோ, ஒசாகா என்ற இரண்டு நகரக் குடும்ப நீதிமன்றங்களுக்கு மட்டும் அதிகாரம் கொடுத்தது நல்ல ஏற்பாடு. ஆனால் உத்தரவை நிறைவேற்றும் முறை பலவீனமாக இருந்தது. குழந்தையை வைத்திருப்பவர் கதவைத் திறக்க மறுத்தால் அதிகாரிகள் திரும்பி வந்தார்கள். 2019-இல் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. என் ஐந்தாவது கேள்வியில் ஜப்பான் தடுக்கி விழுந்த இடம் அது.

குழந்தை இங்கிருந்து போனால்?

இந்த விவாதத்தில் நாம் எப்போதும் இந்தியாவைக் குழந்தை வந்து சேரும் நாடாகவே நினைக்கிறோம். இங்கே வளர்ந்த குழந்தையை வெளியே கொண்டுபோய்விட்டால், பிரிந்து நிற்பவர் யாரிடம் ஓடுவார்?

டெல்லியில் தாயிடம் வளர்ந்த ஒரு சிறுவனின் வழக்கைச் சொல்கிறேன். 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், கென்யாவில் வாழும் தந்தையிடம் அவனை அனுப்ப அனுமதித்தது. இந்தியத் தீர்ப்பை அப்படியே நைரோபி நீதிமன்றத்தில் பதிவு செய்து, அதற்கு இணையான உத்தரவைக் கொண்டுவர வேண்டும் என்பது நிபந்தனை. தந்தை ஓர் ஆவணத்தைக் கொண்டுவந்தார். குழந்தை போயிற்று. அதன்பின் தாய்க்கு உறுதியளித்த தொடர்பு கிடைக்கவில்லை. இந்தியத் தீர்ப்பு எங்களைக் கட்டுப்படுத்தாது என்ற வாதம் நைரோபியில் எழுந்தது. 2021 அக்டோபரில், ஏமாற்றிப் பெற்ற உத்தரவு என்று சொல்லி உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பையே திரும்பப் பெற்றது. பிறகு அந்தத் தந்தையை நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி என்றும் அறிவித்தது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் சகல முன்னெச்சரிக்கையோடும் போட்ட உத்தரவு அது. இரண்டு நாடுகளுக்கும் இடையே ஒப்பந்தம் இல்லாததால், கடல் தாண்டியதும் வெறும் காகிதமானது. உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுக்கே இந்தக் கதி என்றால், திருச்சியில் நிற்கும் ஒரு தாயின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா?

என்ன செய்ய வேண்டும்?

கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்ற ஒரே கேள்வியில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் சிக்கிக்கிடக்கிறோம். கேள்வியின் வரிசையை மாற்றுவோம். முதலில் நம் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றட்டும். உடன்படிக்கையில் சேர்வதை அதன்பின் யோசிக்கலாம். 1993-ஆம் ஆண்டின் ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையில் நாம் 2003-இலேயே சேர்ந்தவர்கள்தான். ஹேக் என்ற ஊர் நமக்கு அலர்ஜி இல்லை.

அந்தச் சட்டத்தில் இருக்க வேண்டியவற்றை, நான் தொடக்கத்தில் கேட்ட ஐந்து கேள்விகளின் வரிசையிலேயே சொல்கிறேன்.

ஒன்று, ஒரு மைய அமைப்பு. பிந்தல் குழு சொன்ன ஆணையமாகவே இருக்கட்டும். உள்நாட்டவரும் வெளிநாட்டவரும் மனுக் கொடுக்க ஒரே இடம். குழந்தையை இங்கிருந்து வெளியே கொண்டுபோகாமல் தடுக்க, குடியேற்ற அதிகாரிகளோடு அதே நாளில் பேசும் அதிகாரமும் அதற்கு வேண்டும்.

இரண்டு, குறிப்பிட்ட சில நீதிமன்றங்கள். சென்னை, டெல்லி, மும்பை, பெங்களூரு, ஐதராபாத் போன்ற இடங்களில் பயிற்சி பெற்ற நீதிபதிகள் சிலர் போதும். மாவட்டந்தோறும் ஒருவர் புதிதாகக் கற்றுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மூன்று, குறுகிய கேள்வி. குழந்தை திரும்பலாமா, கூடாதா என்பது மட்டும். கூடாது என்பதற்கான காரணங்களில் குழந்தை மீதான வன்முறையும், குழந்தையை வளர்க்கும் தாய் அல்லது தந்தை மீதான வன்முறையும் பெயர் சொல்லி இடம்பெற வேண்டும். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் உடல், மனம், பணம் என்று வன்முறையின் வகைகளை நாமே எழுதி வைத்திருக்கிறோம். அதையே இங்கேயும் எடுத்துக்கொள்ளலாம். விவரம் தெரிந்த குழந்தையோடு, பயிற்சி பெற்ற ஆலோசகர் தனியே பேச வேண்டும்.

நான்கு, காலக்கெடு. சமரசப் பேச்சுக்கும் சேர்த்தே கெடு. ஒரே ஒரு மேல்முறையீடு. வழக்கு நடக்கும் நாட்களில், பிரிந்திருப்பவர் முதல் வாரத்திலிருந்தே வீடியோ அழைப்பில் குழந்தையோடு பேச உத்தரவு. குழந்தைக்கு இருவரின் அன்பிலும் உரிமை உண்டு என்பதை 2020 ஜனவரியில் நீதிபதி தீபக் குப்தா எழுதிய தீர்ப்பு அழுத்தமாகவே சொல்லியிருக்கிறது.

ஐந்து, பாதுகாப்பான திரும்புதல். அனுப்புவது என்று முடிவானால், விமானம் ஏறும் முன்பே தாய்க்கு விசா, தங்குமிடம், ஜீவனாம்சம், வழக்குச் செலவு எல்லாம் உறுதியாக வேண்டும். கைது உத்தரவு விலக்கப்பட்டதற்கு அந்த நாட்டு நீதிமன்றத்தின் சான்று வேண்டும். இவை கிடைக்காவிட்டால் குழந்தை போகக் கூடாது என்று சட்டமே சொல்ல வேண்டும். 2009-இல் நீதிபதிகள் தம் மனச்சாட்சியால் விதித்த நிபந்தனைகள், எல்லோருக்கும் உரிய விதியாகட்டும்.

இப்படி ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டு உடன்படிக்கை மேசைக்குப் போனால், நம் பெண்களைக் கைவிட்டு வந்தோம் என்ற பழி வராது. உடன்படிக்கையின் விதிவிலக்கை எப்படிப் படிக்க வேண்டும் என்று மற்ற நாடுகளுக்கும் நாம் சொல்ல முடியும். சேர வேண்டாம் என்றே நாடு முடிவெடுத்தாலும், சட்டம் நம் குழந்தைகளுக்கு மிஞ்சும்.

முடிவாக

வழக்கறிஞர் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழந்தையோடு வந்து நிற்கும் கட்சிக்காரரிடம், நாள் கடத்தினால் ஜெயிக்கலாம் என்று சொல்லாதீர்கள். வன்முறை நடந்திருந்தால் அதன் ஆதாரங்களை முதல் நாளே சேகரியுங்கள்: மருத்துவச் சீட்டு, காவல்துறைப் புகார், வாட்ஸ்அப் செய்தி. வெளிநாட்டு நீதிமன்றத்தின் அழைப்பாணையைக் குப்பையில் போடச் சொல்லாதீர்கள். அங்கே ஒரு வக்கீலை வைத்து ஆஜராகச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர்களே, உங்கள் மகள் அடி தாங்காமல் போன் செய்தால், குழந்தையோடு வந்துவிடு என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். முதலில் அந்த ஊர்க் காவல்துறையிடமும் இந்தியத் தூதரகத்திடமும் போகச் சொல்லுங்கள். பேரனைத் தூக்கிவந்த மகனை வாழ்த்தி வரவேற்காதீர்கள். அந்தப் பையனுக்கு அங்கே ஒரு தாய் இருக்கிறாள்.

மாணவர்களே, உங்களில் சிலர் நாளை நீதிபதிகளாவீர்கள், சிலர் நாடாளுமன்றம் போவீர்கள். 1992-இல் ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தது. குழந்தைகள் சட்டத்துக்குப் புறம்பாக வெளிநாடு கொண்டுசெல்லப்படுவதையும் திரும்பாமல் நிறுத்தப்படுவதையும் தடுப்போம் என்று அதன் 11-ஆவது விதியின்படி உலகத்துக்கு வாக்குக் கொடுத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வாக்கை நிறைவேற்றும் சட்டம் நம்மிடம் இல்லை. அதை எழுதச் சொல்லி உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு இன்றிரவே ஒரு கடிதம் எழுதுங்கள்.